எந்தப் பாம்பு?

எங்கள் கம்பெனியில் இப்போது மொழிபெயர்ப்பாளர் கிடையாது. ஒரு செல்போன் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் வந்தால் ஜி.எம். அதை மேசை நடுவில் வைத்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொரு வாக்கியமாக ஊட்டுகிறார். அது எதையும் திருப்பிக் கேட்பதில்லை. அதுதான் அதன் பெரிய குணம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மெச்சிக்கொள்கிறார்.

அந்தப் போன் வருவதற்கு முன்னால் மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். தையல் லைன் பெண்களிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் அவரை ஆபா என்றே கூப்பிட்டோம். ஆம்பூரில் உருது பேசுகிற வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெயரை எழுதவில்லை. எழுதினால் எழுத்து சரியில்லை என்று சண்டைக்கு வருவார், எனக்குத் தெம்பில்லை.

ஒரு பாம்பு விஷயமாக அவருக்கு வேலை போயிற்று. கடித்த பாம்பு இல்லை. வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பாம்பு என்று வெளிநாட்டுக்காரரிடம் சொல்லச் சொன்னார்கள். எந்தப் பாம்பு என்று இவர் கேட்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் கம்பெனி பாலாற்றை ஒட்டி இருக்கிறது. ஆட்டுத்தோலில் ஹேண்ட்பேக்கும் பர்ஸும் செய்து ஸ்பெயினுக்கு அனுப்புகிறோம். நான் குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து சாம்பிள் ரூமில் வேலை பார்க்கிறவள். ஆபாவின் மேசை சாம்பிள் ரூம் ஓரத்தில்தான் இருந்தது. வந்ததும் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், கழுத்துக் கயிற்றில் தொங்கும் கண்ணாடியைத் துடைப்பார், பிறகு அன்றைய முதல் சண்டையைத் தொடங்குவார்.

சண்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. யாராவது ஏதாவது சொல்வார்கள், அவர் எது என்று கேட்பார். "ஆபா, ஒரு ஆள் உங்களத் தேடி வந்தாரு." எந்த ஆளு? "ஆபா, பஸ்ஸு லேட்டு." எந்த பஸ்ஸு? எனக்கு உடம்பு சரியில்லை, லீவு கேட்கப் போகிறேன் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். "உடம்புல எது சரியில்ல?" என்றார். தலைவலி என்றேன். எந்தப் பக்கம் என்றார். பேசாமல் வேலையே பார்த்துவிடலாம் என்று திரும்பி வந்துவிட்டேன். அவரோடு ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கு ஜாஸ்தியாகவே வந்தது.

ஸ்பானிஷ் எங்கே படித்தார் என்றால், கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு மாலை வகுப்பில். எதற்குப் படித்தாய் என்று மாமியார் கேட்டாராம். "எந்த பாஷைய கேக்கறீங்க, நான் அஞ்சு படிச்சிருக்கேன்" என்றாராம். அந்த மாமியார் அதற்குப் பிறகு அவரிடம் எதுவும் கேட்கவில்லை என்பது எங்கள் காண்டீனில் உலவிய கதை. நான் நம்புகிறேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. வெளிநாட்டுக்காரரிடம் ஸ்பானிஷில் என்ன சொன்னாரோ அதை உடனே தமிழில் உரக்கச் சொல்வார். எதிரில் ஜி.எம். இருந்தாலும் சரி, தரை கூட்டுகிற அம்மா இருந்தாலும் சரி. யாரைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அவருக்கு அது தெரியாமல் போகக் கூடாது என்பார். ஜி.எம்.முக்கு இது பெரிய பேஜார். அவர் லைனில் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தபோது ஒருதடவை பையர், இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டார். ஆபா ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "வாயிலேர்ந்து தேரையும் சாரையுமா கக்கறார்னு சொன்னேன். அவங்க ஊர்ல கெட்ட வார்த்தை பேசறத அப்டித்தான் சொல்வாங்க." ஜி.எம். அன்று முழுக்க லைன் பக்கமே வரவில்லை.

ஸ்பானிஷில் பாம்புக்கு மூன்று வார்த்தை உண்டு என்பது எனக்கு அவரால்தான் தெரியும். செர்பியென்தே என்றால் பொதுவாகப் பாம்பு. குலேப்ரா என்றால் நம் சாரை, தண்ணீர்ப்பாம்பு மாதிரி விஷமில்லாதது. பீபோரா என்றால் விரியன். இதை அவர் எனக்குப் பாடமாக ஒன்றும் எடுக்கவில்லை. ஒரு லேபிளுக்காக ஜி.எம்.மோடு போட்ட சண்டையில் காதில் விழுந்தது.

ஆட்டுத்தோலின் மேல் சூடான பிளேட்டை வைத்து அழுத்தினால் பாம்புச் செதில் மாதிரி அச்சு விழும். அந்த ரகத்தில் ஒரு ஹேண்ட்பேக் ஆர்டர் வந்தது. லேபிளில் பீபோரா என்று போடச் சொன்னார் ஜி.எம். யாரோ ஏஜெண்ட் அந்தப் பெயர் ரிச்சாக இருக்கிறது என்று சொல்லியிருந்தான்.

"இது ஆடு, சார்" என்றார் ஆபா.

"ஆடுதான் மேடம். டிசைனு பாம்புல்ல?"

"எந்தப் பாம்பு?"

"பாம்புதான். போட்டுட்டுப் போங்களேன்."

அவர் எழுந்து பிளேட் ரூமுக்கே போனார். பிளேட்டைக் கண்ணாடி போட்டும் கண்ணாடி போடாமலும் பார்த்தார். திரும்பி வந்து, "விரியனுக்கு இவ்ளோ பெரிய செதில் இருக்காது. இது மலைப்பாம்பு. அதுக்கு இந்த மூணும் இல்ல, பித்தோன்னு தனியா பேரு இருக்கு" என்றார். கடைசியில் லேபிளில் "ஆட்டுத்தோல், மலைப்பாம்பு அச்சு" என்று அவர் எழுதியதுதான் போயிற்று. வெறுமனே பாம்புத்தோல் என்று போயிருந்தால் துறைமுகத்தில் சரக்கு மாட்டியிருக்கும், காட்டு விலங்கு விவகாரமாகியிருக்கும் என்று ஷிப்பிங்கில் பிற்பாடு சொன்னார்கள். ஜி.எம். நன்றி சொன்னாரா? சொன்னார், அந்த ஷிப்பிங் ஆளுக்கு.

நிஜப் பாம்பும் ஒன்று வந்தது. பையராக வருகிற ஸ்பெயின்காரர் முதல்முதலாக எங்கள் கம்பெனிக்கு வந்த சமயம். தோல் குடோன் வாசலில் நாற்காலி போட்டு அவருக்கு இளநீர் கொடுத்திருந்தோம். குடோனுக்குள்ளிருந்து பாம்பு, பாம்பு என்று சத்தம் கேட்டது. இந்த வார்த்தை எப்படியோ அவருக்கும் புரிந்துவிட்டது. இளநீரோடு நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு ஆபாவிடம் கேட்டார்:

"குலேப்ராவா, பீபோராவா?"

ஆபாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முதலாக ஒரு ஆள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறான். குடோன் பக்கம் திரும்பிக் கத்தினார். "எந்தப் பாம்புடா?"

"பாம்புதான் ஆபா. இன்னா கேள்வி கேக்கறீங்க, பெருசா கீது" என்றான் உள்ளேயிருந்து ஒருவன்.

அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடோன் வாசலுக்கே போய் எட்டிப் பார்த்தார். "சாரைடா அது. எலிக்கு வந்திருக்கு. வுட்டா அதுவா போய்டும்." பிறகு திரும்பி, "குலேப்ரா" என்று ஸ்பெயின்காரருக்குச் சொன்னார். அவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு ஆபா மறுபடி உள்ளே பார்ப்பதற்குள் அதை அடித்துப் போட்டுவிட்டார்கள்.

அன்று அவர் போட்ட சத்தம் ரோடு வரை கேட்டது. பாதி உருதுவில் போனதால் எனக்கு முழுக்கப் புரியவில்லை. "அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா பாத்தா இன்னாடா கொறஞ்சிடும்?" என்பது மட்டும் தமிழில் வந்தது. ஒரு பாம்புக்குப் போய் இந்த அமர்க்களமா என்று எல்லோரும் சிரித்தார்கள். அடித்தவனைக் கூப்பிட்டு ஜி.எம். தோளில் தட்டிக் கொடுத்தார். எலித் தொல்லையால் அந்த மழைக்காலத்தில் எத்தனை தோல் வீணாயிற்று என்பதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் பேசவில்லை.

மனிதர்களைப் பாம்பு என்று சொல்வதிலும் அவருக்குத் தராதரம் உண்டு. காண்டீனில் யாரோ ஒருத்தி இன்னொருத்தியை, அவ சரியான பாம்பு என்றாள். கேட்க வேண்டுமா. டிபன் டப்பாவை மூடிவிட்டு ஆபா ஆரம்பித்தார். ஸ்பானிஷில் ஒரு பெண்ணை பீபோரா என்றால் முதுகுக்குப் பின்னால் பேசி ஆளைக் கெடுக்கிறவள். செர்பியென்தே என்றால் இனிக்க இனிக்கப் பேசி, ஆசை காட்டிக் கவிழ்க்கிறவள். குலேப்ரா என்று மனுஷர்களை அதிகம் சொல்ல மாட்டார்கள், சொன்னால் வளைந்து நெளிந்து நழுவுகிறவள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

"இவ இதுல எது?"

சொன்னவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "அவ எங்கிட்ட மழைக்கு வாங்கின கொடைய தரல ஆபா, அவ்ளோதான்" என்றாள்.

"அப்ப கொடைய தரலன்னு சொல்லு."

இனி அஞ்சலை விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதுவதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

பையர் வருகிற நாளன்று எங்கள் கம்பெனியைப் பார்க்க வேண்டும். வாடகைக்குப் பூந்தொட்டி வரும். பினாயில் வாசனை கேட் வரை வரும். சோப்பே பார்த்திராத பாத்ரூமில் சோப்பு வரும். காலையில் ஸ்டோர்காரர் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து ஆளுக்கொரு மாஸ்க்கும் கையுறையும் கொடுப்பார். சாயந்தரம் பையரின் கார் கேட்டைத் தாண்டியதும் அதே சாக்கோடு வந்து எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்வார். அடுத்த பையர் வரும்வரை அவை ஸ்டோரில் பத்திரமாக இருக்கும். பேஸ்டிங் டேபிளில் நாள் முழுக்க சொல்யூஷன் பூசி ஒட்டுகிற பெண்கள் மற்ற நாளெல்லாம் அந்த நெடியை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இழுக்க வேண்டியதுதான். மதியத்துக்குள் தலை கிறுகிறுக்கும். சாப்பாடு இறங்காது. இது எல்லோருக்கும் தெரியும். பேசக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அன்று ஸ்பெயின்காரர் பேஸ்டிங் டேபிள் அருகே நின்றார். பக்கத்தில் ஜி.எம்., ஆபா. சாம்பிள் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் நான். டேபிளில் முதல் ஆளாக அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். மாதனூர்ப் பக்கத்துப் பெண், புருஷன் இல்லை, இந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதிர்ந்து பேசத் தெரியாதவள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மாஸ்க் வசதியாக இருக்கிறதா என்று பையர் கேட்டார். ஆபா அதைத் தமிழில் கேட்டார். நல்லா இருக்கு சார் என்று சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம்.

அஞ்சலை மாஸ்க்கைக் கழற்றினாள். "இன்னிக்குக் காலையிலதான் குட்த்தாங்க. சாயந்தரம் வாங்கிக்குவாங்க. போன தபா இத வேற யாரோ போட்டிருக்காங்க ஆபா, பவுடரு வாசன வர்து. சொல்யூஷன் வாசனயில தெனமும் எனக்கு வாந்தி வர்து. அத சொல்லுங்க."

ஆபா வாயைத் திறப்பதற்குள் ஜி.எம். குறுக்கே வந்தார். பையர் பார்க்கிறார் என்பதற்காக முகத்தில் சிரிப்பு மாறவில்லை, குரல் மட்டும் மாறியது. "மேடம், அத சொல்லாதீங்க. இவ ஒரு பாம்பு, கம்பெனிக்குக் கெட்ட பேரு வாங்கித் தர்றதே இவ வேலன்னு சொல்லுங்க. நாளைலேர்ந்து இவ இங்க இருக்க மாட்டா."

அஞ்சலையின் கையில் பிரஷ் அப்படியே நின்றது. ஆபா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எந்தப் பாம்பு, சார்?"

"இன்னா மேடம், இது வெளயாடற நேரமா?"

"வெளயாடல. மூணு வார்த்த இருக்கு, எதையாவது ஒண்ணத்தான் சொல்ல முடியும். முதுகுக்குப் பின்னாடி பேசறவன்னு சொல்லட்டா? இவ உங்க எதிர்ல உக்காந்து சொன்னா. ஆசை காட்டிக் கெடுக்கறவளா? இவ யாருக்கும் எதுவும் தர்றேன்னு சொல்லல. நழுவறவளா? காலைலேர்ந்து அந்த ஸ்டூல வுட்டு எழுந்துக்கல. நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க, நான் அப்டியே சொல்றேன்."

ஜி.எம். பையரைப் பார்த்து இன்னும் அகலமாகச் சிரித்தார். பையர் என்ன நடக்கிறது என்று கேட்டார். ஆபா அவர் பக்கம் திரும்பி நிதானமாகப் பேசினார். பேசி முடித்ததும், வழக்கப்படி, எங்கள் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார். "அஞ்சலை சொன்னத சொன்னேன். பவுடர் வாசனையும் சொன்னேன், வாந்தியும் சொன்னேன். அப்பறம், ஜி.எம். சார் இந்தப் பொண்ண பாம்புன்னு சொல்றார், எந்தப் பாம்புன்னு கேட்டேன், இன்னும் பதில் வரல, நாளைலேர்ந்து வேல இல்லன்னு மட்டும் சொல்லிட்டார்னு சொன்னேன்."

லைனில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஸ்பெயின்காரர் கையை நீட்டினார். அஞ்சலை மாஸ்க்கைக் கொடுத்தாள். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஏதோ சொன்னார்.

"பவுடர்தானாம்" என்றார் ஆபா.

இன்னொன்றும் ஸ்பெயின்காரர் சொன்னார். அடுத்த முறை வரும்போது இதே டேபிளைப் பார்ப்பேன், இதே பெண் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். ஆபா அதையும் உரக்கச் சொன்னார். அஞ்சலையின் வேலை போகாமல் தங்கியது அதனால்தான்.

ஆனால் மொழிபெயர்த்தவரைப் பற்றி யார் பையருக்கு மொழிபெயர்த்துச் சொல்வது? கார் கேட்டைத் தாண்டிய கையோடு ஆபாவைக் கூப்பிட்டு இனிமேல் வர வேண்டாம் என்றார்கள். சொன்னதைச் சொன்னபடி சொன்ன ஒரே ஆளை, சொன்னதைச் சொன்னபடி சொன்னதற்காக அனுப்பினார்கள். அவர் அழவில்லை, கெஞ்சவில்லை. ஜி.எம். அறையில் அவர் கேட்டது ஒரே கேள்வி என்று பியூன் பிறகு சொன்னான். "எந்தக் காரணம்னு எழுதுவீங்க?" என்றாராம்.

ஆணியிலிருந்து புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் லைன் வழியாக வந்தபோது ஸ்டோர்காரர் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். விசிட்டுக்காக ஆபாவுக்கும் ஒரு மாஸ்க் கொடுத்திருந்தார்கள்.

"ஆபா, மாஸ்க்க சாக்குல போட்டுட்டுப் போங்க."

"நோ" என்றார் ஆபா.

"இன்னா ஆபா?"

"நோ. ஸ்பானிஷ்லயும் அது நோதான். ஒனக்கே புரியும்."

மாஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அஞ்சலை தன் மாஸ்க்கை டேபிள் மேலிருந்த ஆணியில் மாட்டினாள். அடுத்தவள் டிபன் பையில் வைத்தாள், மற்றவர்களும் அப்படியே. ஸ்டோர்காரர் காலிச் சாக்கோடு திரும்பிப் போனார்.

ஸ்பெயின்காரர் மறுபடி வந்தார். பூந்தொட்டி வந்தது, பினாயில் வந்தது, மேசைக்கு இந்தச் செல்போனும் வந்தது. பேஸ்டிங் டேபிளுக்குப் போனார். அஞ்சலை இருந்தாள், மாஸ்க் இருந்தது. அவளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். போன் ஒரு தேன் குழைத்த பெண் குரலில் தமிழாக்கியது. "அந்த அம்மையார் எங்கே?"

ஜி.எம். போனை வாயருகே கொண்டுபோனார். "அந்தம்மா ஒரு பாம்பு சார். கம்பெனிக்கு ஆகாது, அனுப்பிட்டோம்."

போன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. எந்தப் பாம்பு என்று கேட்கவில்லை. ஸ்பானிஷில் கடகடவென்று சொன்னதில் செர்பியென்தே என்ற வார்த்தை மட்டும் எனக்குப் பிடிபட்டது. இத்தனை வருஷம் ஒரு வார்த்தையைப் பொய்யாகச் சொல்லாத மனுஷியை, அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்ட ஒரு கருவியை வைத்து, அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே பாம்பு என்று சொல்லிவிட்டார்கள்.

ஸ்பெயின்காரர் புருவத்தைச் சுருக்கினார். நாற்காலி மேல் ஏறி நின்று இளநீரோடு கேட்ட அதே கேள்வியைப் போனிடம் கேட்டார். குலேப்ராவா, பீபோராவா?

போன் தமிழில் சொன்னது: "பாம்பா அல்லது பாம்பா?"

ஜி.எம்.முக்கு ஒன்றும் புரியவில்லை. போனை ஒரு தட்டு தட்டினார். நெட்வொர்க் சரியில்லை என்றார். ஸ்பெயின்காரர் பதிலுக்காகக் காத்துக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அந்தக் கேள்வி இன்னதென்று அங்கே புரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. மூன்று பாம்பு தெரியும், ஆபா போகும்போது ஸ்டோர்காரரிடம் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தை தெரியும். சாம்பிள் தட்டைக் கீழே வைத்தேன்.

"நோ குலேப்ரா" என்றேன். "நோ பீபோரா. நோ செர்பியென்தே."

அவர் என்னையே பார்த்தார். பிறகு புரிந்தது என்று மெல்லத் தலையசைத்தார்.

"இன்னா சொன்ன நீ அவர்கிட்ட?" என்றார் ஜி.எம்.

நான் பேஸ்டிங் டேபிளின் கடைசி ஸ்டூல் வரை கேட்கிற மாதிரி தமிழில் சொன்னேன். "ஆபா பாம்பு இல்லன்னு சொன்னேன், சார்."